வாடிய தக்காளியும் ஒரு குவளை நீரும்
பற்றீரியா வாடல் நோயை அறிதலும் தடுத்தலும்

நேற்று மாலைவரை செழித்து நின்ற தக்காளிச் செடி இன்று நண்பகலில் தலைசாய்ந்து நிற்கின்றது. இலையில் மஞ்சள் இல்லை, புள்ளி இல்லை, புழு அரித்த அடையாளமும் இல்லை. மாலையில் வெயில் தணியச் செடி ஓரளவு நிமிர்கின்றது. மறுநாள் முன்னிலும் அதிகமாகச் சாய்கின்றது. நான்கைந்து நாளில், பச்சை நிறம் பெரிதும் மாறாமலே, செடி மடிந்துவிடுகின்றது. பின்னர் அதன் பக்கத்துச் செடியும், அதற்கடுத்த செடியும் அவ்வாறே வாடுகின்றன.

இக்காட்சியைக் காணாத மரக்கறிக் கமக்காரர் மிகச் சிலரே. நீர் போதவில்லையென எண்ணி மேலும் நீர் பாய்ச்சுவோர் உளர். பங்கசு நோயெனக் கருதி மருந்து வாங்கித் தெளிப்போரும் உளர். இவ்விரண்டினாலும் பயன் விளைவதில்லை. முன்னது நோயைப் பரப்பும். பின்னது பணத்தைக் கரைக்கும்.

நான் பணிபுரிந்த பகுதியொன்றில் ஒரே வாய்க்காலில் நீர் பெறும் நான்கு தோட்டங்கள் இருந்தன. மேல்மடையிலிருந்த தோட்டத்தில் தக்காளி வாடத் தொடங்கியது. தோட்டத்துக்காரர் மூன்று வகை மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கி ஊற்றினார். செடிகள் பிழைக்கவில்லை. வாடியவற்றைப் பிடுங்கி, தோட்டம் துப்புரவாயிருக்கட்டும் என்று வாய்க்காலில் எறிந்தார். சில கிழமைகளுள் கீழிருந்த மூன்று தோட்டங்களிலும் செடிகள் சாயத் தொடங்கின. கடைசித் தோட்டத்துக்காரர் மனைவியின் நகையை அடகுவைத்துச் செய்கை தொடங்கியவர். “ஐயா, மருந்து பிழையோ, மண் பிழையோ?” என்று அவர் கேட்டார். மருந்தும் பிழையன்று, மண்ணும் பிழையன்று. நோய் இன்னதென்று அறியாமல் மருந்து தேடியதே பிழை. அதை அறிவதற்கு வேண்டிய கருவி ஒரு கண்ணாடிக் குவளையும் தெளிந்த நீருமே.

பற்றீரியா என்பது யாது?

பற்றீரியா என்பது ஒரே கலத்தாலான மிகச் சிறிய உயிராகும். அது இல்லாத இடம் உலகில் அரிது. குளத்து நீர், கிணற்று நீர், எருக்குவியல், மாட்டின் வயிறு, நமது கைகள் எங்கணும் அது வாழ்கின்றது. ஒரு தேக்கரண்டி தோட்டத்து மண்ணில் கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் உள.

இவற்றுட் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்வனவல்ல. பாலைத் தயிராக்குவது ஒருவகைப் பற்றீரியா. தோசை மாவைப் புளிக்கவைப்பதிலும் பற்றீரியாவுக்குப் பங்குண்டு. குப்பையைக் கூட்டெருவாக மாற்றுவதிலும், பயறு, கௌபீ ஆகியவற்றின் வேர்முடிச்சுகளிலிருந்து காற்றின் நைதரசனைப் பயிருக்கு ஊட்டுவதிலும் பற்றீரியாக்களே வேலை செய்கின்றன. ஆதலால் பற்றீரியா முழுவதையும் மண்ணிலிருந்து ஒழிப்பது நமது நோக்கமன்று, அது இயலாததுமாகும். தீங்கு செய்யும் சிலவற்றை அறிந்து விலக்கிவைப்பதே செய்யத்தக்கது.

தக்காளியை வாடச் செய்யும் பற்றீரியா இன்று ரல்சுதோனியா சொலனேசியாரம் என்னும் பெயரால் வழங்கப்படுகின்றது. இது கோல் வடிவானது. ஒரு மில்லிமீற்றர் நீளத்தை நிரப்புவதற்கு ஏறத்தாழ 500 பற்றீரியாக்களை முனையோடு முனை சேர்த்து அடுக்க வேண்டும். இது தக்காளியோடு கத்தரி, மிளகாய், கறிமிளகாய், உருளைக்கிழங்கு, புகையிலை ஆகியவற்றையும் தாக்கும். இஞ்சி, வாழை, நிலக்கடலை உட்பட 200க்கு மேற்பட்ட தாவர இனங்கள் இதனாலும் இதன் நெருங்கிய உறவினங்களாலும் தாக்கப்படுகின்றன. மனிதருக்கோ கால்நடைகளுக்கோ இது நோய் விளைப்பதன்று; ஆகவே நோய் கண்ட தோட்டத்தில் நல்ல நிலையிற் பறித்த காய்களை உண்ண அஞ்ச வேண்டியதில்லை.

காணாததைக் கண்ட வகை

கண்ணுக்குப் புலனாகாத உயிரொன்று செடியைக் கொல்கின்றதென்று எவ்வாறு அறிந்தனர்? ஒல்லாந்து தேசத்தவரான லீவன்கூக் என்பவர் தாமே தீட்டிய கண்ணாடி வில்லைகளால் நுணுக்குக்காட்டி செய்து பார்ப்பவர். மிளகு ஏன் உறைக்கின்றது என்று அறிய விரும்பி, அதனை நீரில் ஊறவைத்து, 1676ஆம் ஆண்டில் அந்நீரை நோக்கினார். உறைப்பின் காரணம் தென்படவில்லை. ஆனால் எண்ணிலடங்காத நுண்ணுயிர்கள் நீந்துவது தென்பட்டது. பற்றீரியாவை மனிதர் முதன்முதற் கண்டது இவ்வாறேயாகும்.

கண்டால் மட்டும் போதாது. ஒருவகையை மற்றொன்றினின்றும் பிரித்து வளர்க்கவும் வேண்டும். யேர்மனியரான ரொபேட் கொக் என்பவர் அவித்த உருளைக்கிழங்குத் துண்டின்மீது பற்றீரியாக்களை வளர்த்தார். ஒரு பற்றீரியா விழுந்த இடத்தில் அது பெருகி, கண்ணுக்குத் தெரியும் புள்ளியாகத் திரண்டது. ஒவ்வொரு புள்ளியும் ஒரே வகையின் சந்ததியாகும். பின்னர், அவருடைய ஆய்வுகூடத்தில் பணிபுரிந்த ஒருவரின் மனைவியாரான பானி எசே அம்மையார், தாம் சமையலிற் பயன்படுத்திவந்த கடற்பாசிக் களியை ஆய்வுக்கும் கொள்ளலாமென்று கூறினார். நம் நாட்டில் நோன்பு காலத்திற் செய்யப்படும் அதே கடற்பாசிதான் இன்றும் உலகெங்கணும் ஆய்வுகூடங்களிற் பற்றீரியா வளர்க்கும் தளமாக இருக்கின்றது.

பயிர்களுக்கும் பற்றீரியாவால் நோய் வருமென்பதை அக்காலத்து அறிஞர் சிலர் நம்பவில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்த எர்வின் சிமித் என்பவர் வாடிய செடியின் சாற்றிலிருந்து பற்றீரியாவைப் பிரித்து வளர்த்தார். அதனை ஊசியால் நல்ல செடியினுட் செலுத்தினார்; செடி வாடியது. வாடிய செடியில் மீண்டும் அதே பற்றீரியா காணப்பட்டது. தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு ஆகியவற்றின் வாடலுக்கு இதுவே காரணமென அவர் 1896இல் வெளியிட்டார். ஊகத்தை விடுத்துச் சோதித்துப் பார்க்கும் அம்முறையே நமது தோட்டத்துக்கும் ஏற்றது.

செடி வாடுவது ஏன்?

வேர் உறிஞ்சும் நீர், தண்டினுள்ளே மயிரினும் மெல்லிய குழாய்கள் வழியாக இலைக்குச் செல்கின்றது. மண்ணிலுள்ள பற்றீரியா வேரிலுள்ள காயத்தின் வழியாகவோ, பக்கவேர் வெடித்து வெளிவரும் இடத்தின் வழியாகவோ உட்புகுந்து, இக்குழாய்களை அடைகின்றது. நாற்றுப் பிடுங்கும்போது அறும் வேர், களை கொத்தும்போது வெட்டுண்ணும் வேர், வட்டப்புழு துளைத்த வேர் ஆகிய யாவும் அதற்குத் திறந்த வாயில்களே.

உட்புகுந்த பற்றீரியா ஒன்று இரண்டாகவும், இரண்டு நான்காகவும் பிரிந்து பெருகும். 3 மணித்தியாலத்துக்கு ஒருமுறை பிரிவதாக வைத்துக்கொண்டால், ஒன்றாயிருந்தது ஒரு நாளில் 256 ஆகும். இரண்டு நாளில் 65,536 ஆகும். மூன்றாம் நாள் முடிவில் ஒரு கோடியே 67 இலட்சத்துக்கு மேற்படும். பெருகும்போது அவை பசைபோன்ற ஒரு கூழையும் வெளிவிடுகின்றன. அக்கூழ் நீர்க்குழாய்களை அடைத்துவிடும். வாய்க்காலிற் சேறு அடைத்தால் வயல் காய்வதுபோல, மண்ணில் ஈரமிருக்கவே செடி நீரின்றி வாடுகின்றது. நீர் மேலும் பாய்ச்சுவதால் அடைப்பு நீங்காது.

வெப்பமும் ஈரமும் சேர்ந்த நிலம் இந்நோய்க்கு உகந்தது. மழைக்குப்பின் நீர் தேங்கி, அதன்பின் வெயில் எறிக்கும் நாட்களில் வாடல் விரைந்து தோன்றுவது இக்காரணம் பற்றியே.

குவளை நீர்ச் சோதனை

செடி வாடுவதற்குப் பங்கசு, வேரழுகல், வட்டப்புழு, தண்டு துளைக்கும் புழு, நீர் தேங்குதல் எனப் பல காரணங்கள் உண்டு. பங்கசு வாடலிற் பெரும்பாலும் அடியிலைகள் முதலில் மஞ்சளாகும். பற்றீரியா வாடலிற் செடி பச்சையாகவே சாயும். எனினும் கண்ணாற் கண்ட அளவில் முடிவு செய்தலாகாது. பின்வரும் சோதனையைச் செய்க.

1. புதிதாக வாடத் தொடங்கிய செடியைத் தெரிவு செய்க. காய்ந்துபோன செடி இதற்கு உதவாது.

2. நிலமட்டத்துக்குச் சற்று மேலே, 2 அல்லது 3 அங்குல நீளமான தண்டுத் துண்டொன்றைக் கூரிய கத்தியால் வெட்டி, மண்ணைத் துடைத்துவிடுக.

3. கண்ணாடிக் குவளையில் தெளிந்த நீரை நிரப்பி, அசையாத இடத்தில் வைக்க. தண்டின் குறுக்கே ஓர் ஈர்க்கைக் குத்தி, அடிமுனை மட்டும் நீரில் தோயுமாறு குவளை விளிம்பில் நிறுத்துக.

4. குவளைக்குப் பின்னே கருநிறத் துணியொன்றைப் பிடித்து, 5 நிமிடம் அசைக்காது நோக்குக.

பற்றீரியா வாடலாயின், வெட்டுமுனையிலிருந்து பால் போன்ற வெண்ணிற இழைகள் மெல்ல நீரில் இறங்கிவரும். சற்று நேரஞ் செல்ல நீர் முழுவதும் கலங்கும். அவ்விழை ஒவ்வொன்றிலும் இலட்சக்கணக்கான பற்றீரியாக்கள் உள. அருகே வேறொரு குவளையில் நல்ல செடியின் தண்டையும் வைத்து ஒப்பிடுவது நன்று. அதில் நீர் தெளிந்தே இருக்கும். ஒரு செடியோடு நிறுத்தாமல் இரண்டு மூன்று செடிகளிற் சோதித்தல் வேண்டும். சோதித்த பின்னர் அந்நீரைக் கொதிக்கவைத்தே ஊற்றுக; கத்தியையும் கொதிநீரில் இடுக. தோட்டத்தில் அந்நீரை ஊற்றுவது நோயை விதைப்பதற்கு ஒப்பாகும்.

உருளைக்கிழங்கில் வேறோர் அடையாளமும் உண்டு. கிழங்கைக் குறுக்கே வெட்டினால் தோலுக்குச் சற்று உள்ளே கபில நிற வளையமொன்று தோன்றும். சிறிது அழுத்தினால் அவ்வளையத்திலிருந்து வெண்ணிறக் கூழ் கசியும். முளைக்கண்களிலே மண் ஒட்டிக்கொண்டிருப்பதையும் காணலாம்.

மருந்து பயன்படாமை

நோய் இன்னதென்று உறுதியானபின், “எந்த மருந்து?” என்னும் கேள்வி எழும். வாடிய செடியைப் பிழைப்பிக்கும் மருந்து கிடையாது. இலையில் தெளிக்கும் மருந்து தண்டினுள்ளே குழாய்களில் அடைந்து கிடக்கும் பற்றீரியாவைச் சென்றடைவதில்லை. மண்ணில் ஊற்றும் மருந்து, ஆழத்தில் வேர்த்துண்டுகளிலும் களைகளின் வேர்களிலும் தங்கியிருப்பவற்றை எட்டுவதில்லை. பங்கசுக் கொல்லிகள் பங்கசுக்கே உரியன. ஆதலால் இந்நோய்க்கென மருந்து வாங்குவதற்கு முன், குவளை நீரைப் பார்த்துக் கொள்க. வெண்ணிற இழை இறங்கினால் அப்பணத்தை நல்ல நாற்றுக்கும் வடிகாலுக்கும் செலவிடுவதே அறிவுடைமையாகும்.

நீரின் வழியே பயணம்

இப்பற்றீரியா தானாக நெடுந்தூரம் செல்ல வல்லதன்று. அதனை நாமே கொண்டுசெல்கின்றோம். பாய்ச்சும் நீர், மண்வெட்டியில் ஒட்டிய மண், காலணி, உழவு இயந்திரத்தின் சில்லு, நோயுற்ற நாற்று, நோயுற்ற விதைக்கிழங்கு என்பனவே அதன் வாகனங்கள். இவற்றுள் நீர் முதன்மையானது.

1995ஆம் ஆண்டில் ஒல்லாந்து தேசத்தில் உருளைக்கிழங்குப் பண்ணைகள் பலவற்றில் இந்நோய் தோன்றியது. ஆறுகளும் கால்வாய்களும் அதனைப் பரப்புவதை ஆராய்ந்து கண்டனர். கரையோரத்தில் வேரை நீரில் விட்டு வளரும் கத்தரிக் குடும்பத்துக் களையொன்று பற்றீரியாவைத் தன்னுள் வைத்திருந்து நீரிற் கலக்கவிட்டது. நோய் கண்ட பகுதிகளில் அந்நீரை உருளைக்கிழங்குக்குப் பாய்ச்சுவது தடைசெய்யப்பட்டது. குளிர்நாட்டு ஆற்றிலேயே இவ்வாறாயின், நமது வெப்ப நாட்டு வாய்க்காலில் வாடிய செடியை எறிவதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

செய்யவேண்டியவை

வாடிய செடியை அகற்றல்: சோதனையில் நோய் உறுதியானதும், செடியை வேரோடும் வேர்ப்பற்று மண்ணோடும் தோண்டி, ஒரு சாக்கிலோ பையிலோ இட்டு எடுத்துச் செல்க. வரம்பின்மேல் இழுத்துச் செல்லலாகாது. நீரோட்டத்துக்கு அப்பால் உலர்த்தி எரிக்க, அல்லது ஆழக் குழிதோண்டிப் புதைக்க. வாய்க்காலில் எறிதலும் கூட்டெருக் குழியில் இடுதலும் கூடா.

நீரைத் திருப்பல்: நோயுற்ற பாத்தியினூடாக நல்ல பாத்திக்கு நீர் செல்லவிடாது மடையைத் திருப்பி அமைக்க. நல்ல பாத்திகளுக்கு முதலில் நீர் பாய்ச்சி, நோயுற்ற பாத்திக்கு இறுதியிற் பாய்ச்சுக. களை கொத்துவதும் காய் பறிப்பதும் இவ்வொழுங்கிலேயே நடைபெறல் வேண்டும்.

கருவிகளைத் துப்புரவாக்கல்: மண்வெட்டி, கத்தி, காலணி ஆகியவற்றின் மண்ணை முற்றாகக் கழுவி, சவர்க்கார நீரால் தேய்த்து, வெயிலில் உலரவிடுக. பக்கக்கிளை வெட்டும் கத்தியை வீட்டில் வெண்மையாக்கப் பயன்படும் குளோரின் திரவம் 1 பங்கும் நீர் 9 பங்கும் கலந்த கரைசலில் இடையிடையே தோய்க்க. மண்ணும் சேறும் ஒட்டியிருப்பின் அக்கரைசல் வேலை செய்யாது. ஆதலாற் கழுவுதலே முதற்பணி.

நாற்றுமேடை: முன்பு தக்காளி, கத்தரி, மிளகாய் செய்யாத, நீர் தேங்காத இடத்தில் நாற்றுமேடை அமைக்க. மேடையின்மீது வைக்கோலையும் உமியையும் பரப்பி, மெதுவாக எரியவிடுவது மேல்மண்ணிலுள்ள நோய்க்கிருமிகளைக் குறைக்கும் பழகிய முறையாகும். இம்முறையில் நன்மை செய்யும் பற்றீரியாவும் மடியுமாதலால், நாற்றுமேடையோடு இதனை நிறுத்திக்கொள்க. வேறிடத்து நாற்றை வாங்க நேர்ந்தால், அது எந்த மண்ணில் வளர்ந்ததென்று கேட்டறிந்தே வாங்குக.

வடிகால்: உயர்த்திய பாத்தியில் நடுக. மழை நீர் ஒரு நாளேனும் வேரடியில் நில்லாதவாறு வடிகால் வெட்டுக. காய்க்கும் காலத்தில் வேரருகே ஆழக் கொத்துதலைத் தவிர்க்க.

பயிர் மாற்றம்: தக்காளிக்குப்பின் கத்தரி, கத்தரிக்குப்பின் மிளகாய் செய்வது பயிர் மாற்றமன்று. அவை யாவும் ஒரே குடும்பத்தவை. பற்றீரியாவுக்கு விருந்து மாறவில்லை. நோய் கண்ட நிலத்தில் நெல், சோளம், குரக்கன் போன்ற தானியங்களை மாற்றிச் செய்க. நெல்லுக்கு நீர் கட்டக்கூடிய நிலமாயின் அதுவே மிகச் சிறந்தது. பலநாள் நீர் நிற்கும் மண்ணில் இப்பற்றீரியா வெகுவாகக் குறையும். ஒரு போகத்தில் முற்றும் ஒழியுமென எண்ணற்க. இடைக்காலத்தில் மணத்தக்காளி, ஊமத்தை ஆகிய களைகளையும், தானாக முளைக்கும் தக்காளி, கத்தரிச் செடிகளையும் பிடுங்கிவிடாவிடின், பற்றீரியா அவற்றின் வேரில் தங்கி அடுத்த போகத்தை எதிர்பார்த்திருக்கும்.

தாங்கும் இனமும் ஒட்டு நாற்றும்: வாடலைத் தாங்கும் தக்காளி, கத்தரி இனங்கள் உள. எனினும் இப்பற்றீரியாவிற் பல குலவகைகள் இருத்தலால், ஓரிடத்தில் தாங்கிய இனம் வேறோரிடத்தில் தாங்காது போகலாம். ஆகவே நுமது பகுதிக்கேற்ற இனத்தைக் கேட்டறிந்து நடுக. வாடலைத் தாங்கும் கத்தரி நாற்றின் அடிப்பகுதியில் தக்காளி நாற்றின் நுனியை ஒட்டுவது மற்றொரு முறை. தைவானிலுள்ள உலக மரக்கறி நிலையம் இதனை விரிவாக ஆராய்ந்து பரப்பியுள்ளது. ஒட்டிய நாற்றை நடும்போது ஒட்டிடம் மண்ணுக்கு மேலே நிற்றல் இன்றியமையாதது. ஒட்டிடம் மண்ணில் புதையுமாயின், தக்காளித் தண்டு தானே வேர்விட்டு நோயை உள்ளே அழைத்துக்கொள்ளும்.

விதைக்கிழங்கு: உருளைக்கிழங்கு செய்வோர் அத்தாட்சிப்படுத்தப்பட்ட விதைக்கிழங்கையே கொள்க. முழுக்கிழங்காக நடுவது நன்று. ஒரு நோய்க்கிழங்கை வெட்டிய கத்தி பின்னர் வெட்டும் கிழங்குகளுக்கும் நோயைக் கொடுக்கும்.

நெற்செய்கைக்காரருக்கு ஒரு சொல்

நெல்லையும் பற்றீரியா விட்டுவைப்பதில்லை. இலை நுனியிலிருந்து ஓரங்களின் வழியே வெளிறிக் காய்ந்துவரும் பற்றீரியா இலை வெளிறல் நோய் 1884இல் யப்பானிற் கமக்காரராலே முதன்முதற் கவனிக்கப்பட்டது. இது வேறொரு பற்றீரியாவால் வருவது. தக்காளி வாடலோடு தொடர்பற்றது. ஆனால் குவளை நீர்ச் சோதனை இதற்கும் உதவும். புதிதாக வெளிறத் தொடங்கிய இடத்திற் குறுக்கே வெட்டிய இலையைத் தெளிந்த நீரில் நிறுத்தி, சில நிமிடத்தின்பின் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், வெட்டுவாயிலிருந்து கலங்கல் கசிவதைக் காணலாம். அந்நிலையில் யூரியாவை மிகையாக இடுவது நோயை வளர்க்கும். விதந்துரைத்த அளவுக்கு மேல் இடாமலும், நோய் கண்ட வயலின் நீரை அடுத்த வயலுக்கு விடாமலும், நடுகைக்கு முன் நாற்றின் நுனியைக் கிள்ளாமலும் இருத்தல் வேண்டும்.

ஒருவர் காத்தால் போதாது

முன்னர் கூறிய நான்கு தோட்டத்துக்காரரும் பின்பு ஒருநாள் ஒன்றுகூடினர். ஒருவர் தோட்டத்துத் தண்டைக் குவளையில் இட்டு, இழை இறங்குவதை நால்வரும் கண்டனர். எவர்மீது பிழையென்னும் வாக்குவாதம் அத்துடன் நின்றது. வாடிய செடியை வாய்க்காலில் இடுவதில்லையென்றும், நால்வரும் ஒரே காலத்திற் பயிரை மாற்றுவதென்றும் முடிவு செய்தனர். அடுத்த இரு போகமும் நெல்லும் சோளமும் செய்து, அதன்பின்னரே தக்காளி நட்டனர். வாடிய செடிகள் அப்போதும் சில இருந்தன. எனினும் அவை தோன்றிய அன்றே குவளையிற் சோதிக்கப்பட்டு, பைகளில் அகற்றப்பட்டன. அடகுவைத்த நகை மீட்கப்பட்டது.

நீர் பொதுவாயிருக்கும் இடத்தில் நோயும் பொதுவே. ஆதலாற் காவலும் பொதுவாதல் வேண்டும். அடுத்த முறை தோட்டத்தில் ஒரு செடி பச்சையாகச் சாயக் கண்டால், கடைக்குச் செல்லுமுன் ஒரு குவளை நீரை எடுத்துக்கொள்க. இழை இறங்கினால், அன்றே வாய்க்கால் அயலவருக்கும் சொல்லுக. ஐயமிருப்பின், நுமது பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கண்டு, அண்மையில் வாடிய செடியொன்றைப் பையில் இட்டுக் கட்டிக் காட்டுக.